அண்ணன் வீட்டு இரைச்சல்

அவளுக்குச் சீச்சி என்று பேர் வைத்தது பெற்ற தாயேதான். பாலில் ஆடை மிதந்தால் சீ. அடுத்தவர் வாய் வைத்த டம்ளரைக் கண்டால் சீ. ஈரத் துண்டு மேலே உரசினால் சீச்சீ. "எல்லாப் பிள்ளையும் பொறந்ததும் அழும். இவ என் மூஞ்சியப் பார்த்து சீன்னா" என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். நாளடைவில் சொந்தக்காரர்களுக்கு அவளுடைய உண்மைப் பெயர் மறந்தே போயிற்று. கல்யாணமான பிறகு புருஷனும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தான்.

பிறந்த வீட்டில் அவளுக்கு அனுசரணையாக இருந்த ஒரே ஆள் அண்ணன். அம்மா பார்க்காத நேரத்தில் தங்கையின் டம்ளரிலிருந்து பாலாடையை விரலால் வழித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, "இப்போ குடி, சுத்தமாயிடுச்சு" என்பான். அவன் விரல் பட்ட பாலை மட்டும் அவள் முகம் சுளிக்காமல் குடித்தாள்.

இப்பேர்ப்பட்டவள் போய்ச் சேர்ந்த தொழிலைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். பாட்டுக் கருவிகள் விற்கிற ஒரு கடையில் வேலை. வாங்கியவர் வீட்டுக்கே போய்ப் பெட்டிகளை ஒன்றோடொன்று இணைத்துக் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டரில் இருக்கிற பாட்டு வெறும் எண்கள். எண்ணைக் காது கேட்காது. அதைக் கேட்கிற ஒலியாக மாற்ற ஒரு கன்வர்ட்டர் வேண்டும், கையடக்கமான பெட்டிதான். ஒரு பக்கம் எண் போகும், மறுபக்கம் பாட்டு வரும். அவளுக்கு அந்தப் பெட்டிகளைப் பிடித்திருந்தது. அவற்றில் வாடையில்லை, பிசுபிசுப்பில்லை.

ஆனால் பெட்டியை மாட்டுகிற இடம் எது? மனிதர்கள் வீட்டு அலமாரிக்குப் பின்புறம். முன்பக்கம் கண்ணாடி மாதிரித் துடைத்து வைத்திருப்பார்கள். பின்னால் கையை விட்டால் தலைமுடிச் சுருள், வெட்டிப்போட்ட நகம், காய்ந்துபோன பல்லி, எறும்பு மொய்த்த பாதி பிஸ்கட். ஒரு வீட்டில் யாரோ கழற்றி எறிந்த பல்செட் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தபோது அந்த வீட்டுக்காரர், "அட, இங்கதான் இருந்துச்சா" என்று சட்டையில் ஒரு துடை துடைத்து வாயில் போட்டுக்கொண்டார். சீச்சி அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. கையுறை, முகத்துணி, பையில் ஒரு பாட்டில் கிருமிநாசினி இல்லாமல் அவள் படி தாண்டுவதே கிடையாது.

அழுக்காவது தொலையட்டும், துடைத்தால் போகும். கடை முதலாளியின் வாய்தான் அவளுக்கு அதைவிடக் குமட்டியது. ஸ்கூட்டர் விலைக்கு ஒரு கேபிளை எடுத்து வாடிக்கையாளர் கையில் கொடுத்து, "புடிச்சுப் பாருங்க சார், கையிலயே ஒரு கதகதப்பு தெரியும். அந்தக் கதகதப்பு அப்படியே பாட்டுல வரும்" என்பார். வாடிக்கையாளர் போன பிறகு இவளிடம் கண்ணடிப்பார். "பொய் சொல்றீங்களேண்ணே" என்றால், "நான் எங்கம்மா பொய் சொன்னேன்? கேபிள் வெயில்ல கெடந்துச்சு, கதகதப்பாத்தானே இருக்கும்" என்பார்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுதும் விழுந்துவிட்டபோது, யார் வீட்டில் வைத்துப் பார்ப்பது என்ற பேச்சு வந்தது. அண்ணன் அப்போதுதான் ஆபீஸிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கியிருந்தான். அண்ணி ஒரு பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் வேலை பார்த்தாள். "சீச்சிகிட்ட விட்டா அம்மாவ விட்டுட்டு இவளுக்குத்தான் வைத்தியம் பார்க்கணும்" என்றான் அண்ணன். "டயப்பர் விளம்பரம் வந்தாலே சேனல மாத்துறவ. நானே பார்த்துக்கறேன்." எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கினாற்போல் இருந்தது.

தன் பங்குக்கு அவளும் புருஷனும் ஒரு காற்றுப் படுக்கை வாங்கிக் கொடுத்தார்கள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு ஒரே இடத்தில் பாரம் அழுந்தினால் சதை செத்துப் புண்ணாகிவிடும். அதற்காக அந்தப் படுக்கை முழுதும் ரப்பர் குழாய்கள். கட்டில் காலில் தொங்குகிற சின்ன பம்ப் ஒன்று, இந்தக் குழாயில் காற்றை நிரப்பி அந்தக் குழாயில் இறக்கி, மாற்றி மாற்றி ஓடிக்கொண்டே இருக்கும். ராப்பகலாக ஓட வேண்டும். நிறுத்தக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் சீச்சி போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அண்ணி அன்று காலையிலேயே விரிப்பு மாற்றி, அம்மாவுக்குத் தலை வாரி, அறை முழுக்க மணத் தெளிப்பான் அடித்து வைத்திருப்பாள். சீச்சி வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கைக்குட்டையை மூக்கருகில் வைத்துக்கொண்டு, ஊர்க்கதை பேசிவிட்டு எழுந்து வந்துவிடுவாள்.

ஒரு நாள் அண்ணன் போன் செய்தான். "புதுசா ஒரு கன்வர்ட்டர் வரவழைச்சிருக்கேன். உன் கடையில இல்லாத ரகம். நானே மாட்டிட்டேன், ஆனா பாட்டுக்கு அடியில ஒரு உறுமல் கேக்குது. நீ வந்து பாரேன்."

அவன் வேலையை விட்ட பிறகு பாட்டுப் பைத்தியம் முற்றிவிட்டது. ஹாலில் இருந்த சாப்பாட்டு மேசையைத் தூக்கிப் பின்பக்கம் போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஆளுயர ஸ்பீக்கர்கள் இரண்டை நிறுத்தி, நடுவில் ஒரே ஒரு நாற்காலி போட்டிருந்தான். "பாட்டுக்குப் பின்னாடி கருப்பா இருக்கணும், சீச்சி. கும்மிருட்டு மாதிரி ஒரு அமைதி. அதுலேர்ந்து குரல் மட்டும் எழும்பி வரணும்" என்பான். அதைச் சொல்லும்போது அவன் கண் கலங்கும்.

வேலை நாள் ஒன்றில் மத்தியானம் போனாள். அண்ணி வேலைக்குப் போயிருந்தாள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வருகிற பெண் காலை வேலையை முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டிருந்தாள். கதவு திறந்ததுமே ஒரு வாடை முகத்தில் அறைந்தது. மேலே பூ மணம், அதற்கடியில் இனிப்பாக, கெட்டியாக, வேறு ஏதோ ஒன்று. பூ ஜாடியில் தண்ணீர் அழுகினால் வருமே, அது மாதிரி.

"என்னண்ணா நாத்தம்?"

"ஆரம்பிச்சுட்டியா? மூக்கைக் கழட்டி வாசல்ல வச்சுட்டு வா" என்றான் அண்ணன் சிரித்துக்கொண்டே. அம்மா அறைக் கதவு சாத்தியிருந்தது. "தூங்கறாங்க. முதல்ல இதைப் பாரு."

அவள் கையுறை மாட்டிக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் குனிந்தாள். கம்ப்யூட்டரிலிருந்து கன்வர்ட்டருக்குத் தடித்த செம்புக் கேபிள் ஒன்று, பாம்பு மாதிரி பின்னல் சட்டை போட்டுக்கொண்டு போயிற்று. கன்வர்ட்டரிலிருந்து ஆம்ப்ளிஃபயர், அங்கிருந்து ஸ்பீக்கர். இணைப்பில் பிழை ஒன்றும் இல்லை. பாட்டைப் போட்டாள். சுத்தமாக ஒலித்தது.

"உறுமல் எங்கே? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"இப்போ கேக்காது. அம்மா ரூம் பம்ப் ஓடினாத்தான் வரும். அதை நிறுத்திட்டா போயிடும். நான் அப்படித்தானே கேக்கறேன்."

மழைக்கு ஜன்னலைச் சாத்தினேன் என்பது மாதிரிச் சொன்னான். அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை.

"எத்தனை நேரம் நிறுத்துவ?"

"கேக்கற நேரம்தான். மத்தியானம்."

"மத்தியானம்னா சாயங்காலம் வரைக்குமா?"

"அண்ணி வர்றதுக்குள்ள போட்டுடுவேன். நீ ஏன் போலீஸ் மாதிரி கேள்வி கேக்கற?"

அவள் அம்மா அறைக்குள் போய், சுவரிலிருந்த ஸ்விட்சைத் தட்டினாள். பம்ப் முனகிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. அம்மா கண்ணை மூடிக் கிடந்தாள். வாடை உள்ளே இன்னும் கனமாக இருந்தது. சீச்சி மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். இரைச்சலைச் சரிசெய்துவிட்டால் பிறகு பம்பை நிறுத்த வேண்டிய தேவையே இருக்காது, எல்லாம் முடிந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. தொழில்காரி புத்தி அப்படித்தான் ஓடும்.

பாட்டுக்கு அடியில் இப்போது உறுமல் வந்துவிட்டிருந்தது. பம்பும் கம்ப்யூட்டரும் ஒரே மின் லைனில் இருந்தன. பம்பிலிருந்து கசிகிற மின்சாரம் எர்த் வழியாக வந்து, அந்தச் செம்புக் கேபிளைப் பிடித்துக்கொண்டு கன்வர்ட்டருக்குள் ஏறியது. செம்பு இருந்தால்தானே ஏறும்? அவள் பையிலிருந்து ஆப்டிகல் கேபிள் ஒன்றை எடுத்தாள். அதில் கம்பி கிடையாது. நூல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் இழை, அதன் வழியே வெளிச்சம் மட்டும்தான் போகும். எண்களை வெளிச்சம் சுமந்துபோய்ச் சேர்த்துவிடும். கசிவு மின்சாரம் வெளிச்சத்தில் ஏற முடியாது. கம்ப்யூட்டரிலும் கன்வர்ட்டரிலும் அதற்கான துளை இருந்தது. செம்பைப் பிடுங்கி இதைச் செருகினாள். கன்வர்ட்டரை அந்தத் துளைக்குத் திருப்பினாள். உறுமல் பட்டென்று நின்றது. அடுத்த அறையில் பம்ப் ஓடிக்கொண்டிருக்க, ஹாலில் பாட்டு தெளிவாக எழுந்தது.

"அவ்வளவுதான்" என்றாள். "இனிமே பம்பைத் தொட வேண்டாம்."

அண்ணன் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துக் கேட்டான். பிறகு உதட்டைப் பிதுக்கினான்.

"உறுமல் போச்சு. ஒத்துக்கறேன். ஆனா ஆப்டிகல்ல, எண்ணு நெறய இருக்கற பெரிய பதிவெல்லாம் முழுசா போகாதே. பாதிதானே போகும்? நான் இதை வாங்கினதே அதுக்குத்தான்."

"போற வரைக்கும் போதும்ணா. காதுக்கு ஒண்ணும் குறையாது."

"உனக்குக் குறையாது" என்று சொல்லிவிட்டு அவன் கையை உயர்த்தினான். "உஷ். கேக்குதா? சுவர் வழியா. உர்ருனு."

அவள் காது கொடுத்தாள். மிக லேசாகக் கேட்கத்தான் செய்தது. பம்ப் ஓடுகிற சத்தம், நேரடியாக, காற்றில்.

அண்ணன் எழுந்தான். கோபமில்லை, அவசரமில்லை. குழாயைத் திறந்துவிட்டு வந்தவன் மூடப்போவது மாதிரி அம்மா அறைக்குள் நடந்தான். ஸ்விட்ச் தட்டுகிற ஓசை கேட்டது. முனகல் நின்றது.

சீச்சி பின்னாலேயே ஓடினாள். "அண்ணா, அதை நிறுத்தாத!"

"கொஞ்ச நேரம்தானே. அவங்களுக்குத் தெரியவா போகுது?" என்றான்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. ஒரு பக்கம் கோணிய வாயிலிருந்து குழறிக்கொண்டு, ஆனால் தெளிவாக. "தெரியும்."

அண்ணன் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை. அவன் ஹாலுக்குப் போய்விட்டான்.

சீச்சி கட்டிலருகே போனாள். அந்தக் கட்டிலை அத்தனை நெருக்கத்தில் அவள் பார்த்ததே இல்லை. படுக்கை காற்றில்லாமல் தொளதொளத்து, அம்மாவின் இடுப்பு அடிப் பலகைவரை அழுந்திக் கிடந்தது. அம்மாவை மெல்ல ஒருக்களித்து, விரிப்பை விலக்கினாள். உடம்புக்கடியில் வெள்ளை வெள்ளையாகப் பவுடர் கொட்டி வைத்திருந்தார்கள். பவுடர் நனைந்து மாவு மாதிரிக் குழைந்திருந்தது. அதை ஈரத்துணியால் ஒற்றியபோது பவுடரோடு சேர்ந்து ஏதோ ஒன்று பெயர்ந்து வந்தது. கீழே முதுகெலும்பு முடிகிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் குழி. ஓரம் கறுத்து, நடுவில் மஞ்சளாக, ஆழத்தில் வெளுப்பாக என்னவோ தெரிந்தது. அந்த வெளுப்பு எலும்பு என்று அவளுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"வாந்தி எடுக்கணும்னா வெளிய போய் எடு" என்றாள் அம்மா. "இங்க இருக்கறதே போதும்."

சீச்சி குளியலறைக்கு ஓடி, எடுத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தாள். பம்பைப் போட்டாள். கட்டில் பக்கம் மண்டியிட்டாள்.

"ஏம்மா சொல்லல?"

"யாருகிட்ட? நீ கதவுகிட்ட உக்காந்துட்டுப் போற. என் குரல் அவ்வளவு தூரம் வராது."

ஹாலில் ஓடிய பாட்டில் ஒரு பெண் குரல் மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. சீச்சி அண்ணனிடம் போய், "ஆம்புலன்ஸ் கூப்பிடறேன்" என்றாள்.

"எதுக்கு இப்போ ஊரைக் கூட்டற? லேசா சிவந்திருக்கு. அந்தப் பொண்ணு தினமும் பவுடர் போடுது."

"எலும்பு தெரியுதுண்ணா!"

அவன் முகம் சுருங்கியது. வருத்தத்தினால் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். "சரி, கூப்பிடு. ஆனா அந்த விவரமெல்லாம் எங்கிட்ட சொல்லாத. எனக்கு என்னவோ பண்ணுது" என்றான். பிறகு ஸ்பீக்கர் பக்கம் கையைக் காட்டி, "இது முடியட்டும், கதவைத் திறந்து வைக்கறேன்" என்றான்.

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். நரைத்த கிருதா, இஸ்திரி போட்ட சட்டை, மூடிய கண். பல்லியையும் பல்செட்டையும் பார்த்து வந்த அருவருப்பெல்லாம் இதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. இவன் விரல் வழித்துக் கொடுத்த பாலைத்தான் குடித்தோம் என்று நினைத்ததும் புறங்கையால் வாயை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். ஆம்புலன்ஸ் வருகிறவரை பாட்டு ஓடியது. சுவரோரம் இருந்த பிளக்கை அவள் பிடுங்கியிருக்கலாம். ஆனால் அந்தப் பக்கம் போகவே அவளுக்குக் கால் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் செத்த சதையை வெட்டி எடுத்தார்கள். எத்தனை நாளாக இப்படி இருந்தது என்று டாக்டர் கேட்டார். அண்ணன் அங்கே இல்லை. அண்ணி தரையைப் பார்த்தாள். சீச்சிதான், "எங்களுக்குத் தெரியாது டாக்டர்" என்று சொன்னாள். அப்படிச் சொன்ன தன் வாயையும் கழுவ வேண்டும் போலிருந்தது.

வீட்டுக்கு அனுப்புகிற நாள் வந்தபோது, "எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். அவள் புருஷன் பஸ் கண்டக்டர். விஷயத்தைச் சொன்னபோது அவன் கையில் இருந்த தேநீரை முடித்துவிட்டு, "ஹாலைக் காலி பண்ணிடலாம். நெரிசல்ல நின்னு நின்னு என் மூக்கு எப்பவோ செத்துப்போச்சு. நான் தூக்கறேன், நீ மூக்கைப் பொத்திக்கோ" என்றான். அவன் வேலைக்குப் போகிற நேரத்தில் யார் தூக்குவது என்பதை இருவருமே அப்போது யோசிக்கவில்லை.

பழகினால் சரியாகிவிடும் என்று பார்த்தவர்களெல்லாம் சொன்னார்கள். ஆகவில்லை. மேலுதட்டில் தைலம் தடவி, இரட்டை முகத்துணி கட்டிக்கொண்டுதான் அவள் புண்ணைக் கழுவினாள். ஒவ்வொரு தடவையும் குமட்டியது. சில நாள் பாதியில் எழுந்து ஓடினாள். "போயிட்டு வா, நான் எங்கயும் போயிட மாட்டேன்" என்பாள் அம்மா. குழி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்திலிருந்து சிவந்து மூடிக்கொண்டு வந்தது. அம்மாவின் வாயும் பழைய வாயாகியது. "கை நடுங்காம தேய். நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா?" என்று அதட்டினாள்.

கடையில் முதலாளி பாதி நாள் வேலைக்கு ஒத்துக்கொண்டார். அந்த மட்டில் அவர் நல்லவர். ஆனாலும் அவர் கேபிளைத் தடவிக்கொடுத்துக் கதை விடுகிறபோது அவளால் பக்கத்தில் நிற்க முடியவில்லை. வாடிக்கையாளர்கள் கண்ணை மூடித் தலையை ஆட்டினால் எழுந்து வெளியே போய்விடுவாள்.

அண்ணன் ஒரு தடவை வந்தான். பை நிறையப் பழம். அம்மா கட்டிலுக்கு எதிரே, வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அண்ணன் தங்கையிடம் தாழ்ந்த குரலில், "அந்த ஆப்டிகலை எடுத்துட்டுப் பழைய கேபிளையே போட்டுட்டேன். இப்போதான் பம்ப் இல்லையே. என்ன ஒரு அமைதிங்கற! நீ ஒரு நாள் வந்து கேக்கணும்" என்றான்.

"கிளம்புண்ணா" என்றாள் சீச்சி.

"என்ன?"

"எந்திரிச்சுப் போ. எனக்கு ஒமட்டுது."

அவன் சிரித்தான். அவளுடைய பழைய வியாதிதானே என்று நினைத்துக்கொண்டான் போல. சிரித்துக்கொண்டேதான் போனான். அவன் போன பிறகு அவள் அந்த நாற்காலியைத் துடைத்தாள். பழத்தைப் பையோடு எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

அண்ணி மட்டும் வேலை முடிந்து தினமும் வந்தாள். விரிப்புகளைத் துவைத்தாள், அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டினாள், புருஷனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. புண்ணைப் பார்த்து அவள் முகம் சுளிக்கவும் இல்லை. சீச்சிக்கு அவள்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. பாவம், இவளையும் சேர்த்து ஏமாற்றியிருக்கிறானே என்று நினைத்தாள். ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே அதைச் சொல்லியும் விட்டாள்.

அண்ணி மடித்த துணியை மறுபடி பிரித்தாள். "எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"வந்ததும் படுக்கையத் தொட்டுப் பார்ப்பேன். அப்போதான் காத்து ஏறிக்கிட்டு இருக்கும். முதல் வாரமே தெரிஞ்சுபோச்சு. சண்டை போட்டா ரெண்டு நாள் பேச மாட்டாரு, சாப்பிட மாட்டாரு. வேலையும் பார்த்துட்டு, வந்து இதையும் பார்த்துட்டு, அதையும் தாங்க எனக்குத் தெம்பில்ல. புண்ணு வந்தப்போ பவுடரக் கொட்டி மூடிட்டேன்."

சீச்சி அவள் கையைப் பார்த்தாள். இந்தக் கையால்தானே தினமும் இங்கே தேநீர் போட்டுக் கொடுக்கிறாள். 'எழுந்து போ' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள். படுக்கை நனைந்துவிட்டதாம். சீச்சியின் புருஷன் இரவுப் பஸ்ஸில் போயிருந்தான். அம்மாவைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

சீச்சி எழுந்தாள். அண்ணியும் கேட்காமலே எழுந்து வந்து கட்டிலின் மறுபக்கம் நின்றாள். இருவர் கையும் அம்மாவின் முதுகுக்கடியில் போய் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. அண்ணியின் உள்ளங்கை ஈரமாக இருந்தது. சீச்சி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் என்னத்தப் பார்த்துட்டு நிக்கறீங்க?" என்றாள் அம்மா. "தூக்குங்கடி."

தூக்கினார்கள்.